ஸ்டோர் ரூமிலிருந்து தொடங்குங்கள்: அருங்காட்சியகத்தை நடத்தவும், பிறகு ஆலோசகராகவும் விரும்புகிறவர்களுக்கு

யோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். “நீங்க வேலை பார்க்கிற இடத்துல மொத்தம் எத்தனை பொருள் இருக்கு?” “ஒரு ஐயாயிரம் இருக்கும் மேடம்” என்பார்கள். பதிவேட்டில் எத்தனை, அலமாரியில் எத்தனை என்று அடுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் கேட்க வந்தது இயக்குநர் ஆவது எப்படி, ஆலோசகர் ஆவது எப்படி என்று. நான் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. பதில் அந்த எண்ணிக்கைக்குள்தான் இருக்கிறது.

பதினேழு ஆண்டுகள் அருங்காட்சியகங்களில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். முதல் பதினோரு ஆண்டுகள் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய இடம். உதவியாளராகச் சேர்ந்து, பொருள்களுக்குப் பொறுப்பான காப்பாட்சியரானேன். அடுத்த ஆறு ஆண்டுகள் வேறோர் இடத்தில் இயக்குநர். இப்போது ஒன்பது ஆண்டுகளாக ஆலோசகர். கல்லூரிகள், மடங்கள், கோயில் அறக்கட்டளைகள், பழைய பொருள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள், இவர்கள்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த இருபத்தாறு ஆண்டுகளில் கற்றது.

படிப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகவியலை முதுகலையாகப் படிக்கப் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம் இருக்கிறது, 1952 முதல் அங்கே இதற்கென்றே தனித் துறை. கல்கத்தா பல்கலைக்கழகம், காசி இந்துப் பல்கலைக்கழகம், நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்று வேறு இடங்களும் உண்டு. ஆனால் இந்தப் பட்டம் மட்டும் போதாது. கையில் ஒரு பாடம் வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தையே பாருங்கள்: தொல்லியல், மானிடவியல், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல் என்று பிரிவுகள், வேதியியல் முறையில் பாதுகாப்பதற்குத் தனி ஆய்வுக்கூடம். அரசுக் காப்பாட்சியர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கும்போதும் பாடம் வாரியாகத்தான் தகுதி கேட்பார்கள். நாணயம் தெரிந்தவர், செப்புத் திருமேனி தெரிந்தவர், ஓலைச்சுவடி படிக்கத் தெரிந்தவர் என்று உங்களுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். நிர்வாகம் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

பதிவேடு

இங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன்.

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் தென்னிந்தியா முழுவதும் சுற்றிச் சேர்த்த தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. பத்தாண்டு கழித்து, 1914-இல், அதன் விரிவான பட்டியல் அச்சில் வந்தது. அந்தக் கற்களை இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் போவதற்குக் காரணம், எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைத்திருந்ததுதான். அந்தக் குறிப்பு இல்லையென்றால் அது வெறும் கல். எந்த அருங்காட்சியகமும் பொருளோடு சேர்த்துப் பொருளைப் பற்றிய செய்தியையும் காக்கிறது. செய்தி தொலைந்தால் பாதிப் பொருள் தொலைந்த மாதிரி.

நான் காப்பாட்சியரானதும் செய்த முதல் வேலை எண்ணுவது. இரண்டு முறை எண்ண வேண்டும். பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியிருப்பது அலமாரியில் இருக்கிறதா என்று ஒரு முறை. அலமாரியில் இருப்பதைக் கையில் எடுத்து, அது பதிவேட்டில் இருக்கிறதா என்று இன்னொரு முறை. ஒரே திசையில் எண்ணினால், எழுதப்படாமலே உள்ளே வந்த பொருள்கள் கண்ணில் படாது. எங்கள் பதிவேட்டில் 2,146 பொருள்கள் இருந்தன. அலமாரியில் கிடைத்தவை 1,903. முடிக்கப் பதினான்கு மாதம் பிடித்தது, ஏனென்றால் மற்ற வேலைகளுக்கு நடுவில் வாரத்துக்கு இரண்டு மதியம்தான் கிடைத்தது. காணாத 243-இல் 200 பொருள்கள் அடுத்த ஓராண்டில் கிடைத்துவிட்டன. அலுவலக பீரோவில் சில, எப்போதோ பழுது பார்க்கக் கொடுத்து வாங்காமல் விட்டவை சில, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வெளியே இரவல் போனவை சில. மீதி 43 கிடைக்கவே இல்லை. அந்தப் பட்டியலை எழுத்தில் அறங்காவலர்களிடம் கொடுத்தேன். கை நடுங்கியது உண்மை. ஆனால் அதற்குப் பிறகுதான் கூட்டங்களில் என் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள். இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

எண் போடும் முறை எளிது. ஒரே தடவையில் வந்து சேர்ந்த பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வரவு. வந்த ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 1998.12.3 என்றால், 1998-இல் வந்த பன்னிரண்டாவது வரவில் மூன்றாவது பொருள். எண் இல்லாமல் கிடைக்கும் பொருளுக்கு அன்றைக்கே ஒரு தற்காலிக எண் கொடுங்கள், பூர்வீகம் தெரிந்த பிறகு நிலையான எண்ணுக்கு மாற்றலாம். பதிவேட்டில் தவறு நேர்ந்தால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை பூசவே கூடாது.

பொருளின் மேல் எண் எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. கல், உலோகம், சுடுமண் என்றால் பின்பக்கத்தில் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற நிறமில்லாத பிசின் ஒரு பூச்சு. காய்ந்ததும் அதன் மேல் எண், அதற்கு மேல் இன்னொரு பூச்சு. பின்னாளில் அழிக்க வேண்டியிருந்தால் பொருளுக்குச் சேதம் இல்லாமல் அழித்துவிடலாம். துணிக்கு ஒரு பருத்தி நாடாவில் எண் எழுதித் தளர்வாகத் தைக்க வேண்டும். காகிதத்துக்கு மென்மையான பென்சில், பின்பக்க ஓரத்தில். செல்லோடேப் எதற்கும் வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒட்டிய டேப்பை உரிக்கும்போது கூடவே எழுத்தும் உரிந்து வருவதைப் பார்த்தவர்கள் அதைக் கையால் தொடமாட்டார்கள்.

பதிவேட்டுக்கு நகல் எடுத்து, அந்த நகலை வேறொரு கட்டடத்தில் வையுங்கள். 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், 2018 செப்டம்பரில் ரியோவின் தேசிய அருங்காட்சியகமும் தீயில் போயின. பொருளும் பதிவும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஸ்டோர் ரூமை ஒழுங்கு செய்ய, ரோமில் இருக்கும் இக்ரோம் என்ற பன்னாட்டு அமைப்பு ரீ-ஆர்க் என்று ஒரு முறை வகுத்திருக்கிறது. அதிலிருந்து இரண்டு அளவுகோல்களை நான் எங்கும் எடுத்துப்போகிறேன். எந்தப் பொருளைக் கேட்டாலும் மூன்று நிமிடத்துக்குள் அது இருக்கும் இடம் தெரிய வேண்டும். அதை எடுக்க இரண்டுக்கு மேற்பட்ட பொருள்களை நகர்த்த வேண்டிய நிலை இருக்கக் கூடாது. பெரிய பணம் இல்லாமல், பழைய இரும்பு ரேக்குகளை வைத்தே இதைச் செய்யலாம். நான் செய்திருக்கிறேன்.

ஓர் இழப்பு

காப்பாட்சியரான புதிதில் ஒரு பழைய தஞ்சாவூர் ஓவியத்தை வெளியூர்க் கண்காட்சி ஒன்றுக்கு இரவல் கொடுத்தேன். கடிதம் இருந்தது, முத்திரை இருந்தது, காப்பீடுகூட இருந்தது. பொருள் எந்த நிலையில் போகிறது என்று குறிக்கும் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதவில்லை. திரும்பி வந்தபோது கிருஷ்ணனின் கால் பக்கம் மக்கு வேலை, அதாவது பசை வைத்து மேடாக்கிய பகுதி, பெயர்ந்து, அதன் மேலிருந்த தங்கத் தகடு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் போயிருந்தது. போகும்போதே அப்படித்தான் இருந்தது என்றார்கள். இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. காப்பீடும் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு பொருள் வாசல் தாண்டுகிறது என்றால் நான்கு பக்கமும் படம், பழுதுகளைக் குறித்த வரைபடம், இரண்டு தரப்புக் கையெழுத்து, பெட்டி மூடும்போது ஒரு படம், திறக்கும்போது ஒரு படம். சேர்த்து ஒன்றரை மணி நேர வேலை. அவசரம் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள், அது மந்திரியாகவே இருந்தாலும் சரி.

படம் எடுத்து வைப்பதன் மதிப்பு இன்னும் பெரிய இடத்திலும் நிரூபணமானது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் சிலையை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அது எந்தக் கோயிலிலிருந்து போனது என்று காட்டியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராகப் போய் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். 2014 செப்டம்பரில் நடராஜர் நாடு திரும்பினார். ஒரு பொருளை வாங்கும் முன், இதற்கு முன் யாரிடம் இருந்தது, அதற்கு முன் யாரிடம், காகிதம் எங்கே என்று கேட்பது இயக்குநரின் கடமை. நன்கொடையாக வந்தாலும் அதே கேள்விதான். கொடுப்பவர் முகம் சுளித்தால் பொருளே வேண்டாம்.

இயக்குநர் நாற்காலி

காப்பாட்சியராக இருந்தவரை எனக்குப் பொருள்கள்தான் உலகம். இயக்குநரான முதல் மாதம் மேசைக்கு வந்தது மின்கட்டணமும் காவலாளிகளின் விடுப்பு விண்ணப்பமும். சங்கடமாக இருந்தது. அப்புறம் கணக்காளர் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று ஆண்டு வரவு செலவை வரி வரியாகக் கேட்டுப் புரிந்துகொண்டேன். இயக்குநராகப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். நூறு ரூபாயில் சம்பளத்துக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, பொருள்களைக் காக்க எவ்வளவு? நான் போன இடத்தில் கடைசிப் பங்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. அந்த ஒரு எண்ணை ஒரே பக்க அறிக்கையில் எழுதி அறங்காவலர் கூட்டத்தில் வைத்தேன். நாற்பது பக்க அறிக்கை செய்யாததை அது செய்தது.

நம் ஊரில் இயக்குநரின் ஆண்டு வடகிழக்குப் பருவமழையை வைத்து நகர்கிறது. செப்டம்பரில் நீங்களே மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். மழைநீர்க் குழாயில் ஆலங்கன்று முளைத்திருக்கும். அதைப் பிடுங்க ஆகும் செலவு ஒரு ஆளின் கூலி. விட்டுவைத்தால் நவம்பரில் சுவடி அலமாரிக்கு மேல் ஒழுகும். அதேபோல, பகலில் மட்டும் ஏசி ஓடி, ஐந்து மணிக்கு நிறுத்தப்படும் அறை, ஏசியே இல்லாத அறையைவிட மோசம். தினமும் ஈரப்பதம் ஏறி இறங்குவதில் மரம் விரியும், மக்கு உதிரும். இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்ட முடியாதென்றால் ஏசி வேண்டாம், நல்ல காற்றோட்டம் போதும். துணி, காகிதம், சுவடி இவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் விழக் கூடாது. லக்ஸ் மீட்டரும் ஈரப்பதமானியும் விலை குறைந்தவை, உடனே வாங்கிவிடுங்கள். செப்புத் திருமேனியில் வெளிர் பச்சையாகப் பொடி தெரிந்தால் அதை யாரும் தொடக் கூடாது, பாதுகாப்பு வேதியியலாளரைக் கூப்பிடுங்கள். பளபளப்பு வேண்டுமென்று புளி போட்டுத் தேய்த்த விளக்குகளையும் சிலைகளையும் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டு மேற்பரப்பு அரை மணி நேரத்தில் போய்விடுகிறது.

மக்கள் வர வேண்டும், அதுவும் உங்கள் பொறுப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், 1855-இல் அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்து ஒரு காட்சிசாலை தொடங்கினார். விலங்கைப் பார்க்க வந்த கூட்டம் உள்ளேயும் வந்தது. 1863-இல் விலங்குகள் சென்னையிலேயே பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவுக்கு இடம் மாறின. கூட்டத்தை எது இழுக்கும் என்று யோசிப்பது அன்றிலிருந்தே இந்த வேலையின் ஒரு பகுதி. என் அனுபவத்தில் அதிகம் பலன் தந்தது விளக்க அட்டைகளைத் திருத்தியதுதான். முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தால் அந்தத் தமிழை யாரும் படிப்பதில்லை. எழுதியதை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவள் தடுமாறும் இடத்தில் நீங்கள் திருத்த வேண்டும்.

காவலாளிகளோடு தினமும் பேசுங்கள். எந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் ஜனங்கள் நிற்கிறார்கள், எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, எந்தப் பூட்டு சரியில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆலோசகராவது

பத்தாண்டு உள்ளே இருந்து வேலை பார்க்காமல் ஆலோசகராகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அடுத்தவர் பணத்தையும் அடுத்தவர் பொருளையும் வைத்து நாம் பாடம் படிக்கக் கூடாது. அதோடு, எல்லாம் செய்வேன் என்று தொடங்காதீர்கள். நான் ஸ்டோர் ரூம், பதிவேடு இரண்டுக்கு மட்டும்தான் போனேன். கண்காட்சி வடிவமைப்பு கேட்டால் வேறொருவரைச் சொல்லிவிடுவேன். நான் கைகாட்டிய அந்த ஆள்களே எனக்கும் வேலை அனுப்பினார்கள்.

முதல் வருகைக்கு ஒரு நாள் கட்டணம் வாங்குங்கள். சும்மா வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிடுகிற இடத்தில் நீங்கள் சொல்வதும் சும்மாவே கிடக்கும். அந்த ஒரு நாளில் பதிவேடு, கூரை, கழிவறை, மின்பெட்டி, ஸ்டோர் ரூம் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, இவ்வளவையும் பாருங்கள். கிளம்பும் முன் ஒரு கேள்வி: “நான் போன பிறகு இதை யார் செய்யப் போகிறார்?” ஒரு பெயர் வந்தால் வேலையை ஒப்புக்கொள்ளலாம். “பார்த்துக்கலாம் மேடம்” என்று வந்தால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன், எத்தனை முறை வருவேன், அறிக்கையை எத்தனை முறை திருத்தித் தருவேன், படங்கள் யாருக்குச் சொந்தம். பணம் மூன்று தவணை: கையெழுத்தாகும்போது 30 சதவீதம், வரைவு அறிக்கைக்கு 40, முடிவில் 30. முன்பணம் வராமல் நான் ரயில் ஏறுவதில்லை. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தொடும் நிலை வந்தால் ஜிஎஸ்டி பதிவு வேண்டியிருக்கும், ஒரு நல்ல ஆடிட்டரை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பெட்டி செய்பவர், விளக்கு விற்பவர் எல்லோரும் கமிஷன் தருவதாகச் சொல்வார்கள். ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் உங்கள் பரிந்துரைக்கு விலை வந்துவிடும். அதேபோல, “இந்தச் சிலை எவ்வளவு போகும்?” என்ற கேள்விக்குப் பதிலே சொல்லாதீர்கள். பழைய வீடுகளில் இதை நிச்சயம் கேட்பார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க கையெழுத்துப் படியும் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. சிலை, ஓவியம் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும், தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. இதைப் பொறுமையாகச் சொல்லி, பதிவு செய்ய உதவுங்கள். பல குடும்பங்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

அறிக்கையை நான் பணத்தை வைத்துப் பிரிக்கிறேன். திங்கட்கிழமை காலையிலேயே காசில்லாமல் செய்யக்கூடியவை முதலில்: ஜன்னலோர அலமாரியை நகர்த்துவது, சாவிக்கு ஒரு நோட்டுப் போடுவது, தரையில் கிடக்கும் பொருளை நான்கு அங்குலம் உயர்த்துவது. அடுத்து, ஐம்பதாயிரத்துக்குள் முடிபவை. கடைசியில் திட்ட அறிக்கை போட்டுப் பணம் தேட வேண்டியவை. இதற்கு ஒன்றிய கலாசார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டம் இருக்கிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்கலாம், 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியமும் கலையும் இடம்பெற்றிருக்கின்றன. தொடுதிரை வேண்டும் என்று கேட்பவர்களிடம், அது பழுதானால் யார் சரி செய்வார், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள். பதில் இருந்தால் தாராளமாக வைக்கட்டும்.

ஓராண்டு கழித்து என் செலவில் ஒரு முறை திரும்பிப் போகிறேன். இது ஒப்பந்தத்தில் இருக்காது. பதிவேட்டைத் திறந்து கண்ணை மூடி மூன்று எண்களைத் தொட்டு, எடுத்து வரச் சொல்வேன். போன தை மாதம் ஒரு கல்லூரிக்குப் போனேன். முதல் முறை நான் போனபோது அங்கே நாணயங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்தன. இந்த முறை பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது வரலாற்றுத் துறை ஆய்வக உதவியாளர், இருபத்து நான்கு வயதுப் பெண். நான் சொன்ன மூன்று எண்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். முதலில் ஒரு செப்புக் காசு வந்தது, அப்புறம் ஒரு தாழியின் உடைந்த விளிம்பு. மூன்றாவதற்குக் கொஞ்சம் நேரமாகியது. வெளியே வந்து, “அது பாதுகாப்பு வேலைக்கு வெளியே போயிருக்கு மேடம், பன்னிரண்டாம் தேதி வரும்” என்று கண்டிஷன் ரிப்போர்ட்டின் நகலை நீட்டினாள். நான்கு பக்கமும் படம் இருந்தது, இரண்டு கையெழுத்தும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.